காயமுற்ற தோழன் (வெண்கலச் சிற்பம்)

'தி வூண்டட் பங்கி' அமெரிக்க ஓவியரும் சிற்பியுமான பிரெடெரிக் ரெமிங்டன் (1861–1909) 1896-ல் உருவாக்கிய வெண்கலச் சிற்பம். 'பங்கி' என்பது படைவீட்டில் உடன் தங்கும் தோழனைக் குறிக்கும் சிப்பாய்களின் வழக்குச்சொல்.

நாலுகால் பாய்ச்சலில் இரு குதிரைகள். சேணத்திலிருந்து சரியும் வீரனை, பக்கத்துக் குதிரையில் வருபவன் கைநீட்டித் தாங்குகிறான். எட்டுக் குளம்புகளில் இரண்டே தரையில் ஊன்றியுள்ளன. கனத்த வெண்கலத்தை இப்படி அந்தரத்தில் நிறுத்தியதால் வேகமும், எந்நேரமும் விழக்கூடும் என்ற பதற்றமும் ஒருசேர உருவாகின்றன. இதுவே சிற்பத்தின் கலைவெற்றி.

அவனைச் சுட்டவர் யார் என்பதற்குச் சிற்பத்தில் தடயமே இல்லை. குதிரைப்படையினருடன் பயணம் செய்து இதழ்களுக்குப் படங்கள் வரைந்த ரெமிங்டன், அவர்களின் பக்கத்திலிருந்தே போரைப் பார்த்தார். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் ஏழாம் குதிரைப்படை லகோட்டா பழங்குடியினரைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றது. அதன்பின் ஆறே ஆண்டுகளில் வந்த இச்சிற்பத்தில் குதிரைப்படை வீரன் அடிபட்டவனாக மட்டுமே தோன்றுகிறான்.

இன்று ரெமிங்டன் சிற்பங்களின் மலிவுப் பிரதிகள் மேசை அலங்காரமாக விற்கப்படுகின்றன. வாங்குபவர் காண்பது தோழமையை. அது பொய்யல்ல, ஆனால் அந்தப் போரின் ஒரு பக்கம் மட்டுமே.