கையெழுத்தில்லாத கல்

ஆடிச் சாரலில் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு, தலை காய்வதற்குள் தென்காசிக்கு வண்டி ஏறிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து கிலோமீட்டர்தான். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் பொதிகைக் காற்று எதிரே வந்து நெஞ்சில் மோதும். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். சன்னிதிக்குப் போகச் சொல்லித்தான் தள்ளுகிறது. நான் போவதில்லை. திருவோலக்க மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே அகோர வீரபத்திரர் முன்னால் நின்றுவிடுகிறேன். முப்பது வருடங்களாக இப்படித்தான்.

ஆளை விடப் பெரிய உருவம். தூணும் சிலையும் ஒரே கல். பிதுங்கிய கண், கோரைப்பல், வீசிய வாள். கோபத்தைக் காட்ட முகம் ஒன்றே போதும் என்று யாரும் நினைப்பார்கள். இந்தச் சிற்பிக்கு அது போதவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் இறங்குகிற காலைப் பாருங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே தசை திரண்டு நிற்கிறது. பாய்வதற்கு ஒரு நொடி முன்பு மனிதக் கால் இறுகுமே, அந்த இறுக்கம். மல்லர்களை நாள்கணக்கில் உற்றுப் பார்த்த கண்ணுக்குத்தான் இது அகப்படும். எந்த ஓலைச் சுவடியும் இதைச் சொல்லித் தராது.

அந்தக் கண் யாருடையது? பெயர் இல்லை.

பெயரை விட்டுச் சென்ற சிற்பிகளும் உண்டு. பிரான்சில் தாவீத் தாஞ்சே என்று ஒருவர் இருந்தார். 1788இல் ஆன்ஜே நகரில், மரச்சிற்பி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1811இல் ரோமில் தங்கிப் பயிலும் பரிசை வென்றார். பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தின் முகப்பு முக்கோணத்தில் இருப்பது அவர் செதுக்கிய சிற்பத் தொகுதி. ஆனாலும் எனக்குப் பிடித்தது அவருடைய வெண்கலப் பதக்கங்கள்தான். கையில் அடங்கும் வட்டத்துக்குள் ஒரு பக்கவாட்டு முகம். தம் காலத்துக் கவிஞர், இசைஞர், அறிஞர் என்று ஏறத்தாழ ஐந்நூறு பேரை அப்படி வார்த்தார். கதேயைப் பார்ப்பதற்காக 1829இல் வைமர் வரை போனார். அரசியலில் குடியரசுப் பக்கம் நின்றதால் கடைசிக் காலத்தில் நாடு கடத்தலையும் அனுபவித்து, 1856இல் இறந்தார். பதக்கங்களில் முகத்துக்குப் பக்கத்தில் தம் பெயரைக் கீறி வைத்திருப்பார். அந்தக் கை எப்போது பழகியது, எப்போது தேர்ந்தது என்று வருடம் வருடமாகத் தொடர்ந்து பார்க்கலாம்.

நம் ஆளுக்கு அந்த வசதி இல்லை. கோயிலுக்குத்தான் தேதி இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446இல் திருப்பணியைத் தொடங்கினான். மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி நின்ற காலம் அது. அரசு சுருங்கிய நாளில் இத்தனை பெரிய கோயில்! மண்டபத் தூண்களின் பாணியோ பின்னைப் பாண்டியரிலிருந்து நாயக்கர் காலத்துக்கு நீள்கிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே உள்ள வீரபத்திரரும் ரதியும் மன்மதனும் அந்த வீட்டு உறவினர்களாகவே தெரிவார்கள். கிருஷ்ணாபுரத்தில் நளினம் கூடுதல். தென்காசியில் உரம் கூடுதல். என்னைக் கேட்டால் தென்காசிக்குத்தான் என் ஓட்டு.

பெயர் போனாலும் பிழைப்பு கல்லிலேயே எழுதியிருக்கிறது. இதே மண்டபத்தில் உள்ள சிவனின் ஊர்த்துவ தாண்டவச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் தலைக்கு மேலே போகிறது. கருங்கல்லுக்கு இழுவிசை தாங்காது. பாரம் தொங்கினால் முறியும். தூக்கிய காலை உடம்போடும் தூணோடும் ஒட்டவிட்டுத்தான் செதுக்க வேண்டும். ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலோ ஆட்டம் நின்றுவிடும். இடுப்பை லேசாக ஒரு பக்கம் ஒடித்து, ஊன்றிய காலின் பாதத்தை அழுத்தமாகப் பதித்து, பார்க்கிறவன் கண்ணைக் கீழிருந்து மேலே ஏறவிட்டிருக்கிறார் சிற்பி. கண் ஏறுகிற வேகத்தில் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. இது முதல் சிலையில் வருகிற கைத்திறன் இல்லை. எத்தனையோ கல் உடைந்து, எத்தனையோ மாத உழைப்பு வீணாகி, குருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வருவது. தட்டிப் பார்த்து, மணிபோல் நாதம் வருகிற கல்லைப் பொறுக்கத் தெரிந்தவர். உள்ளே ஓடும் ரேகையை உளியின் ஓசையிலேயே கண்டவர்.

குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடவல்லான் சுவரில் ஓவியமாக இருக்கிறார். வண்ணத்தில் தவறினால் மேலே பூசிக்கொள்ளலாம். கல்லில் போனது போனதுதான்.

இந்தக் கோயிலில் என்னை உருக்குகிற இன்னொன்று பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாட்டு. இந்த ஆலயத்தில் என்றாவது குறை நேர்ந்து, அதை யார் வந்து திருத்தினாலும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்று வேண்டுகிறான். பிறக்கப்போகிறவர்களின் காலில் விழுந்த அரசன்! ஒன்பது நிலைக் கோபுரம் நெடுங்காலம் பிளந்து நின்றது. புதிதாக எழும்பி 1990இல் குடமுழுக்குக் கண்டபோது, சாரம் கட்டியவரும் சுதை பூசியவரும் அந்தக் கும்பிடுக்கு உரியவர்களானார்கள்.

போன ஆடியில் வீரபத்திரரின் பின்பக்கம், சிலை தூணோடு சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். முன்பக்கம் கண்ணாடி வழுவழுப்பு. உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், மெருகேற்றாமல் விட்ட உளித்தடங்கள் சொரசொரவென்று வரிசையாக இருந்தன. ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. கடைசியாக அந்தக் கை அங்கிருந்து எப்படி விலகியதோ அப்படியே.