ஃபெரிட்டின் பொய் சொல்கிறதா? 2001 கட்டுரை ஒன்றை மறுபடி படித்தபோது

தலசீமியா போன்ற நோய்களுக்காகத் தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் உடலில் சேரும் இரும்பைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: ரத்தத்தில் உள்ள ஃபெரிட்டின் அளவை வைத்து இதயத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த வரிக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, லிசா ஆண்டர்சன், டட்லி பென்னல் ஆகியோர் அடங்கிய லண்டன் குழு 2001இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. முக்கியமான கட்டுரைதான், சந்தேகமில்லை. ஆனால் அது சொன்னது ஒன்று, அதை மேற்கோள் காட்டுபவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது என் வாதம்.

முதலில் அடிப்படைக் கணக்கு. ஒரு பெரியவரின் உடலில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். தினமும் 1 முதல் 2 மில்லிகிராம் தானாக வெளியே போகும். அதற்கு மேல் இருப்பதை வெளியே தள்ள உடலுக்கு வழியே கிடையாது. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 2 யூனிட் என்றால் வருடத்துக்கு 24 யூனிட், குறைந்தது 4.8 கிராம். அதாவது ஒரே வருடத்தில் இன்னொரு உடம்புக்கான இரும்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது முதலில் கல்லீரலிலும், பிறகு நாளமில்லாச் சுரப்பிகளிலும் இதயத்திலும் படியும். இரும்பை வெளியேற்றும் மருந்து சரியாகக் கிடைக்காத தலசீமியா நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்தது இதயம் செயலிழந்துதான்.

2001 கட்டுரையின் சாதனை, இதயத்தை வெட்டிப் பார்க்காமலே அந்த இரும்பை அளக்க ஒரு வழி காட்டியது. எம்ஆர்ஐ ஸ்கேனில் டி2ஸ்டார் என்று ஓர் அளவு உண்டு. திசுவில் இரும்பு அதிகமானால் சிக்னல் வேகமாக மங்கும், அதனால் டி2ஸ்டார் எண் குறையும். 106 தலசீமியா நோயாளிகளை அளந்து பார்த்தார்கள். இதயத்தின் டி2ஸ்டார் 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்க இறங்க, இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்யும் திறனும் குறைந்தது. ஆனால் இதய எண்ணுக்கும் ஃபெரிட்டினுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. கல்லீரல் எண்ணோடும் இல்லை.

இதில் முதல் குறை எளிதாகத் தெரிவது. கல்லீரல் அளவைச் சரிபார்க்க அவர்களிடம் 30 நோயாளிகளின் பயாப்ஸி இருந்தது. இதயத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இதயத்தில் டி2ஸ்டார் குறைந்தால் இரும்புதான் காரணம் என்பது அன்றைக்கு நல்ல ஊகம், அவ்வளவுதான். இந்த ஓட்டை 2011இல் அடைபட்டது. இறந்தவர்களிடமிருந்தும், மாற்று அறுவை சிகிச்சையின்போதும் கிடைத்த 12 இதயங்களில் இரும்பை நேரடியாக அளந்து ஸ்கேன் எண்ணோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. நடுவில் 2009இல் 652 பேரை வைத்து வந்த ஆய்வில், ஸ்கேன் எடுத்து ஓராண்டுக்குள் இதயம் செயலிழந்தவர்களில் 98 சதவீதத்தினருக்கு டி2ஸ்டார் 10க்குக் கீழே இருந்தது. எனவே அளவுகோலின் மீது எனக்குப் புகார் இல்லை.

என் புகார் இரண்டாவது விஷயத்தில். 106 பேரில் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் எடுத்த படம்தான் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இன்றைய ஃபெரிட்டினையும் இன்றைய இதயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொடர்பில்லை என்கிறது. ஆனால் 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நான்சி ஒலிவியெரி குழு 97 நோயாளிகளைப் பற்றி எழுதியது வேறு கதை சொல்கிறது. அவர்கள் ஒரு நாள் எண்ணைப் பார்க்கவில்லை. பல வருட அளவுகளில் எத்தனை பங்கு 2500ஐத் தாண்டியது என்று எண்ணினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாண்டியவர்களில் 15 ஆண்டுக்குப் பிறகு இதயநோய் இல்லாமல் இருந்தவர்கள் 91 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தாண்டியவர்களில் அது 20 சதவீதத்துக்கும் கீழே.

ஒரு கட்டுரை தொடர்பில்லை என்கிறது, இன்னொன்று உயிரே அதில்தான் தொங்குகிறது என்கிறது. இரண்டில் ஒன்று தப்பா? இல்லை. கல்லீரலும் இதயமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பதுதான் விடை. ஃபெரிட்டின் பெரும்பாலும் கல்லீரல் நிலவரத்தைச் சொல்கிறது. தீவிர சிகிச்சை கொடுத்தால் கல்லீரல் மாதக்கணக்கில் காலியாகும், இதயத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். அதே லண்டன் குழு 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்விலேயே இது தெரிகிறது. ஓராண்டுத் தொடர் மருந்துக்குப் பிறகு கல்லீரல் இரும்பில் பெரும்பகுதி போய்விட்டது. இதயத்தின் டி2ஸ்டார் சராசரி 5.1இலிருந்து 8.1க்குத்தான் வந்தது, அதாவது இன்னும் ஆபத்து எல்லைக்குள்ளேயே.

சர்வர் பராமரிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இந்த நிமிடம் சிபியு எவ்வளவு என்று பார்த்து, ஆறு மாதமாக நிரம்பிக்கொண்டு வரும் டிஸ்க்கைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. அதற்காக மானிட்டரிங்கையே நிறுத்திவிடுவோமா?

இது வெறும் புள்ளியியல் சண்டை இல்லை. 2001 கட்டுரையின் வரியை மறந்துவிட்டால் ஒரு தவறு நடக்கும்: ஃபெரிட்டின் 1000க்குக் கீழே வந்துவிட்டது என்று, இதயத்தில் பழைய இரும்போடு இருப்பவருக்கு மருந்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறொரு தவறு: ஃபெரிட்டின் எதையும் சொல்லாது என்று விட்டுவிட்டு, எப்போதோ கிடைக்கப்போகும் ஸ்கேனுக்காகக் காத்திருப்பார்கள். எம்ஆர்ஐ எட்டாத ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது அந்த ஓர் எண்தான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 2000க்குப் பிறகு தலசீமியா இறப்பு விகிதம், 1000 நோயாளி-ஆண்டுகளுக்கு 12.7இலிருந்து 4.3ஆகக் குறைந்தது. இதை டி2ஸ்டாரின் வெற்றியாக மட்டும் எழுதுகிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் டிஃபெரிப்ரோன் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1999இல். இதயத்திலிருந்து இரும்பை எடுப்பதில் அது பழைய டெஸ்ஃபெரால் ஊசியைவிட வேகமானது என்று 2006இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ஸ்கேனும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவை. இந்தக் கணக்கில் அவற்றைப் பிரிக்க முடியாது. ஸ்கேன் எதையும் குணப்படுத்துவதில்லை, யாருக்கு மருந்தைக் கூட்ட வேண்டும் என்று காட்டும், அவ்வளவே.

நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் வீட்டில் யாராவது ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் ஒரு வேலை செய்யலாம். எல்லா ஃபெரிட்டின் ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். அன்றைக்குக் காய்ச்சலோ தொற்றோ இருந்ததா என்று பக்கத்தில் குறியுங்கள், ஏனென்றால் அதிலும் எண் ஏறும். கடைசி ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்: இதயத்துக்கு டி2ஸ்டார் எப்போது எடுக்கலாம்?