கதை சொல்லாத கறி

ஜப்பானியக் கறியைப் பற்றி நம்ம ஆட்கள் பேசத் தொடங்கினால் முதல் வாயிலேயே தீர்ப்பு வந்துவிடும். "இதெல்லாம் ஒரு கறியா? காரமே இல்ல, இனிக்குது, கூழ் மாதிரி இருக்கு." சொல்வதெல்லாம் சரிதான். மாவும் கொழுப்பும் சேர்த்து வறுத்த மசாலாக் கட்டியைக் கரைத்துக் கொதிக்கவைத்தால் கூழ் பதம்தான் வரும். 1963இல் சந்தைக்கு வந்த வெர்மான்ட் கறிக் கட்டியின் பெருமையே ஆப்பிளும் தேனும்தான். இனிக்காமல் என்ன செய்யும்? தீர்ப்பில் உள்ள கோளாறு வேறு. எதிரே இருக்கும் தட்டைச் சுவைக்காமல், வீட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு தட்டைத் திட்டுகிறோம்.

தட்டில் என்னதான் இருக்கிறது? ஒரு பக்கம் ஒட்டும் சோறு, மறு பக்கம் பழுப்பு நிறக் குழம்பு. அதில் வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், கொஞ்சம் இறைச்சி. ஓரத்தில் ஃபுகுஜின்ஸுகே ஊறுகாய். கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது. ஜப்பானில் இது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைச் சாப்பாடு, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு. வேலைக்குப் போகிறவர் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போவார். அதே தட்டு இங்கே பேரங்காடிக்கு வந்து, மர மேசையும் மங்கிய விளக்கும் சேர்ந்து, இருபது வெள்ளியைத் தாண்டும்போது வேறு உணவாகிவிடுகிறது. கொடுக்கிற காசில் பாதி ஜப்பான் என்ற பெயருக்குப் போகிறது.

இந்தக் கறி நம்மிடமிருந்து நேராகப் போனதும் இல்லை. ஆங்கிலேயர் புட்டியில் அடைத்து விற்ற கறித்தூள் வழியாக மெய்ஜி காலத்தில் ஜப்பானை அடைந்தது. 1872இல் வெளிவந்த சமையல் நூல்களிலேயே கறிக்குச் செய்முறை இருக்கிறது, மேற்கத்தியச் சமையல் என்ற பெயரில். 1908இல் கடற்படைச் சமையல் கையேட்டிலும் நுழைந்தது. 'கறி' என்ற சொல் லண்டன் சுற்றி 'கரே' ஆகி அங்கே கரையிறங்கியபோது அதற்குப் பழைய விலாசம் மறந்துபோயிருந்தது.

அந்த விலாசத்தை ஞாபகப்படுத்த முயன்றவர் ராஷ் பிஹாரி போஸ். வங்காளப் புரட்சியாளர். 1912இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915இல் ஜப்பானுக்குத் தப்பிப் போனவர். தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நாகமுராயா ரொட்டிக்கடை நடத்திய சோமா தம்பதி அவரை ஒளித்து வைத்தார்கள். 1918இல் அவர்களுடைய மகள் தோஷிகோவை மணந்தார். 1925இல் தோஷிகோ இறந்துபோனார். 1927இல் நாகமுராயா உணவகம் திறந்தபோது, எலும்போடு கோழி போட்ட 'சுத்த இந்தியக் கறி' அங்கே வந்தது. மாவு போட்டுக் கெட்டியாக்கியது கறியே இல்லை என்பது போஸின் கட்சி. நம்ம ஆட்களின் தீர்ப்பை அவர் அப்போதே சொல்லிவிட்டார். விலை மற்ற கடைக் கறிகளைவிடப் பல மடங்கு. 'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்று அந்தக் கறிக்கு இன்றும் பெயர்.

நல்ல கதைதான். ஆனால் போஸின் கதை ஷின்ஜுகுவில் முடியவில்லை, மலாயாவுக்கும் வருகிறது. 1942இல் அவர் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைவர். 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். நம் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது அந்த அழைப்பைக் கேட்டுத்தான். அதே மாதங்களில், அதே ஜப்பானிய ராணுவம் மலாயாத் தமிழர்களை ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் பாதை. திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். பாதை போட்டது போஸ் இல்லை. ஆனால் அவர் நம்பிக் கைகோத்த அரசு அதுதான்.

ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் 'ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடு என்ன?' என்று பெரியவர்களைக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கு என்பார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை வாசித்த ஒருவர் 'காதலும் புரட்சியும்' என்ற விளம்பரத்தைப் படித்தால் மூன்றாவதாக ஒன்று விடுபட்டிருப்பது உடனே உறைக்கும். விளம்பரத்துக்கு அந்த மூன்றாவது தேவையில்லை. நமக்குத் தேவை.

அதனால்தான் எனக்கு அந்தச் சாதாரண மாவுக் கறிமேல் மரியாதை. அது இந்தியா என்று சொல்லிக்கொள்வதில்லை, புரட்சி என்றும் சொல்வதில்லை. எவருடைய பாரம்பரியத்துக்கும் சாட்சி சொல்ல வராமல், பசித்தவருக்கு முன்னால் சூடாக வந்து நிற்கிறது. 'சுத்தம்' என்று எழுதி ஒட்டிய தட்டுக்குத்தான் தன் கதையில் எதை வைப்பது, எதை விடுவது என்ற வேலை இருக்கிறது.

இது உணவோடு நிற்கிற விஷயமும் இல்லை. மலேசியத் தமிழில் எழுதுகிற எவருக்கும் இந்தச் 'சுத்தம்' பழக்கப்பட்ட அளவுகோல். நம் மொழியில் மலாய் கலந்திருக்கிறது, நம் கதைகளில் தமிழ்நாட்டு மணம் இல்லை என்பார்கள். சித்தியவானில் விற்கும் கொம்பியாவைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது ஃபூச்சோவில் சுட்டது போலவே இருக்கிறதா என்று எவரும் வாதம் பண்ணுவதில்லை. சுடச்சுட இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கறிக்கும் கதைக்கும் அந்த நியாயம் போதும்.

ஆக, ஜப்பானியக் கறிக்கடையை விமர்சிக்க ஒரே கேள்விதான் வேண்டும்: விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவில், இதை மறுபடியும் சாப்பிடுவீர்களா? நான் சாப்பிடுவேன். கூட ஒரு பச்சை மிளகாய் வைத்தால் இன்னும் நல்லது.