ஆறு வெள்ளைப் புள்ளிகள்

தமிழ்நாட்டின் முட்புதர்க் காடுகளில், மழை பெய்து மண் ஈரம் கண்ட பிறகு, பொழுது சாயும் வேளையில் ஒரு வண்டு வெளியே நடந்து வரும். ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். தலையிலிருந்து பின்நுனிவரை கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் ஆறே ஆறு வெள்ளைப் புள்ளிகள்: மார்புத் தகட்டின் இரு ஓரங்களில் ஒவ்வொன்று, முதுகில் நான்கு. 1775இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய டென்மார்க்காரர் ஃபாப்ரீசியஸும் அந்த ஆறைத்தான் பெயரில் வைத்தார். ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என்பது இன்றைய பெயர்.

குனிந்து பார்க்கும்போதுதான் இந்தப் புள்ளிகளின் அழகு பிடிபடும். அவை சாயம் ஏறிய இடங்கள் அல்ல. மிக நுண்ணிய வெண்மயிர்கள் நெருங்கி, ஒரே பக்கம் படிந்து கிடக்கின்றன. சுற்றியுள்ள ஓடு வழவழப்பாக ஒளியைத் திருப்பி அனுப்ப, இந்த ஆறு இடங்கள் மட்டும் பளபளப்பில்லாமல் வெள்ளையாக நிற்கின்றன. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அந்த வெள்ளை குறைவதில்லை.

ஏன் வெள்ளை? “என்னைத் தொடாதே” என்று சொல்ல வேண்டிய பூச்சிகள் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் உடுத்துபவை. எருக்கஞ்செடியில் மேயும் வெட்டுக்கிளியின் மஞ்சளையும் நீலத்தையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அது பகலில் வாழும் பூச்சி. அந்தியில் வேட்டைக்குக் கிளம்பும் வண்டுக்கு அந்த நிறங்களால் என்ன பயன்? வெளிச்சம் மங்க மங்கச் சிவப்பும் நீலமும் வெறும் நிழலாகிவிடும். கறுப்பின் மேல் இருக்கும் வெள்ளை மட்டும் கடைசிவரை கண்ணில் படும். இதைவிடக் கச்சிதமான தேர்வு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எச்சரிக்கை வெறும் மிரட்டலும் அல்ல. வயிற்றின் பின்நுனியில் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. சீண்டினால் வண்டு பின்நுனியை எதிரி இருக்கும் பக்கம் திருப்பி அமிலத்தைப் பீய்ச்சும். மாமரத்து முசுறு கடித்த இடத்தில் எரியுமே, அந்த ஃபார்மிக் அமிலம்தான் இதிலும் முக்கியமான சரக்கு. கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். குனிந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டால் பறக்க முடியாது. முன்சிறகுகள் இரண்டும் நடுக்கோட்டில் ஒட்டி ஒரே கவசமாகிவிட்டன. சிறகில் இழந்ததைக் கால்களில் ஈட்டியிருக்கிறது: நீண்ட கால்கள், விரைந்த ஓட்டம். எதிர்ப்படும் பூச்சியை அரிவாள் வளைவுள்ள தாடைகளால் பற்றிக் கிழித்துத் தின்னும். ஆனால் எனக்குத் தாடைகளைவிட முன்னங்காலின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு வெட்டுதான் பிடித்தமானது. அதில் வரிசையாக மயிர்கள் நிற்கும். வண்டு தன் உணர்கொம்பை அந்த வெட்டுக்குள் செருகி, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துவிடும். மண்ணும் தூசியும் வழித்துக்கொண்டு போகும். தரையிலேயே திரிந்து, இருட்டில் மணத்தாலும் தொடுகையாலும் இரை தேடும் உயிருக்கு உணர்கொம்பு அழுக்கடைந்தால் பிழைப்பு கெட்டது. அதனால் தலைவாரும் சீப்பைக் காலிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டைப் பார்த்து வேஷம் போடுபவர்கள் இல்லாமல் போவார்களா? இதன் ஆப்பிரிக்க உறவினர்களுக்கு ஒரு பல்லியே ரசிகர். கலகாரிப் பாலையில் வாழும் அந்தப் பல்லியின் குஞ்சுகள் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வால் மட்டும் மணல் நிறத்தில் மணலோடு கலந்துவிடும். மற்றப் பல்லிகளைப் போல நெளிந்து ஓடாமல் முதுகை வில்லாக வளைத்து, கால்களை விறைத்து, வெட்டி வெட்டி நடக்கும். ஹ்யூயி, பியான்கா என்ற இருவர் 1977இல் இதை எழுதினார்கள். வண்டின் அளவைத் தாண்டி வளர்ந்ததும் பல்லி நிறத்தையும் மாற்றிக்கொண்டு, நடையையும் விட்டுவிடும்.

நம் புதர்க்காட்டில் இந்த வேலையைச் செய்வது ஒரு கரப்பான். தீரியா பெட்டிவெரியானா என்று பெயர். தென்னிந்தியச் சருகுகளுக்கிடையே வாழ்வது. வீட்டுக் கரப்பானை நினைத்து முகம் சுளிக்க வேண்டியதில்லை, அவ்வளவு லட்சணம். கறுப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள். அமிலம் பீய்ச்சும் வண்டின் தோற்றத்தைப் பார்த்து உருவான வேஷம் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் வண்டின் சிறகுகள் நடுக்கோட்டில் நேராகச் சந்திக்கும். கரப்பானுக்கோ இடச்சிறகு வலச்சிறகின் மேல் ஏறிக் கிடக்கும். அதனால் புள்ளிகள் இரு பக்கமும் ஒத்துப்போவதில்லை: இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று, ஆக ஏழு. ஒரு புள்ளி கூடிப்போனதைப் பறவையோ ஓணானோ நின்று எண்ணப்போவதில்லை. பறவை என்ன, 1758இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸே இதை வண்டுகளின் வரிசையில்தான் சேர்த்து வைத்தார்.