கறுப்பின் மேல் பளபளப்பு

வார்னிஷ் ஏற்றிய படத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் படம் மட்டுமே தெரியும். ஓரமாக நகர்ந்து, ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் சறுக்கும்படி தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அச்சடித்தவரின் கைத்திறன் அப்போதுதான் வெளியே வரும்.

நல்லம்பள்ளி வட்டாரத்தில் இந்தக் கைத்திறனுக்கு உரைகல் காலபைரவர் படம். பக்கத்து அதியமான்கோட்டையில் கோயில். தேய்பிறை அஷ்டமிக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிகிறார்கள். பைரவரோ கருங்கல் மேனி. கருவறையும் இருட்டு. கறுப்பின் மேல் கறுப்பை எப்படிக் காட்டுவது? சாதாரண ஃப்ளெக்ஸில் அடித்தால் முகத்தைச் சாம்பல் நிறமாக வெளுக்க வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். படம் தெரியும், சாமி தெரியாது.

அக்ரிலிக் பலகையின் முன்பக்கத்தில் யுவி ஃப்ளாட்பெட் இயந்திரம் அச்சிட்ட ஒரு பைரவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பின்னணிக் கறுப்புக்கும் திருமேனிக் கறுப்புக்கும் மையில் வித்தியாசம் மிகக் குறைவு. பின்னணியை மினுக்கம் இல்லாத ‘மேட்’ பூச்சாக விட்டு, மேனிக்கு மட்டும் பளபளப்பு கொடுத்திருந்தார்கள். சற்றே நகர்ந்ததும் எண்ணெய்க்காப்பு முடிந்த கல்லின் ஈர மினுக்கத்தோடு தோளும் கன்னமும் எழுந்து வந்தன. நெற்றிச் சந்தனத்தில் வார்னிஷ் இல்லை. அரளி மாலையிலும் இல்லை. சந்தனம் பளபளத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும் என்பது அந்த டிசைனருக்குத் தெரிந்திருக்கிறது. பைரவரின் வாகனமான நாயின் மூக்கு நுனியிலும் இரண்டு கண்களிலும் மட்டும் பொட்டு அளவுக்கு வைத்திருந்தார். அந்த நாய்க்கு உயிர் வந்துவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், பல இயந்திரங்களில் மேட் பூச்சும் பளபளப்பும் ஒரே புட்டியிலிருந்து வருகின்றன. வார்னிஷ் என்பது நிறமி இல்லாத மை, அவ்வளவுதான். மை தெளிக்கும் ஹெட்டிலிருந்து விழும் துளி சில பிகோலிட்டர். பிகோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஹெட்டின் இருபுறமும் எல்இடி புறஊதா விளக்குகள், பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியவை. துளி விழுந்த உடனே வெளிச்சம் பட்டால் அது நின்ற கோலத்திலேயே கெட்டியாகிவிடும். மேற்பரப்பு முழுக்க மேடு பள்ளம்; உழுது போட்ட கொல்லையில் வெயில் விழுவதுபோல் ஒளி நாலாபுறமும் சிதறும். அதுதான் மேட். விளக்கை அணைத்து வைத்து வார்னிஷை ஊற்றி, துளிகள் ஒன்றோடொன்று கலந்து மட்டமாகும்வரை பொறுத்து, பிறகு தனியாக ஒரு முறை விளக்கை மட்டும் ஓட்டினால் பளபளப்பு. திரவம் ஒன்றுதான். காக்க வைக்கும் நேரத்தில் இருக்கிறது எல்லாம்.

அந்தக் காத்திருப்பில்தான் வேலை கெடவும் செய்யும். ஈரமாகப் படுத்திருக்கும் வார்னிஷ் கண்ணில் படாத தூசியையும் இழுத்துக்கொள்ளும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயை நோக்கி லாரிகள் இரவு பகலாக ஓடும் ஊர் இது. கதவைத் திறந்து வைத்து இந்த வேலை செய்ய முடியாது. அக்ரிலிக்கின் மேல்தாளை உரித்ததும் மின்னூட்டம் ஏறி அதுவே தூசியை வரவேற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மின்னூட்டத்தைத் தணித்துவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும். அதிகம் காக்க வைத்தாலோ ஓரங்களில் வார்னிஷ் வழிந்து எழுத்தின் முனை மழுங்கும்.

இன்னொரு கண்டம் பட்டை விழுவது. ஹெட் போகும்போதும் வரும்போதும் அடித்தால், ஒரு திசையில் விளக்கு துளியை முந்திப் பிடிக்கும், மறு திசையில் பிந்தும். ஒரு கோடு மின்னும், அடுத்த கோடு மங்கும். நிறத்தில் தெரியாத இந்தக் குறை வார்னிஷில் பட்டவர்த்தனமாகத் தெரியும். மருந்து எளிது: ஒரே திசையில் மட்டும் அடிப்பது. நேரம் இரட்டிப்பாகும். அந்த நேரத்தைக் கொடுக்கிற ஆபரேட்டரை நான் மதிக்கிறேன்.

அச்சுப் படத்துக்கு வார்னிஷ் பூசும் ஆசை புதிதல்ல. 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது அங்கே உருவானவை ஓலியோகிராஃப்கள். கல்லச்சில் பல நிறங்களை ஏற்றி, எண்ணெய் ஓவியத்தின் சாயல் வரும்படி மேலே வார்னிஷ் பூசினார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜை அறைகளுக்கு அந்தப் பளபளப்போடுதான் வந்தார்கள். தாள் முழுக்க ஒரே பூச்சாக இருந்தது அது. பின்னாளில் திருமணப் பத்திரிகையில் பெயரை மட்டும் மினுக்க, சிவகாசியில் ஸ்கிரீன் வைத்து ஸ்பாட் யுவி பூசினார்கள். இன்க்ஜெட்டில் ரோலண்ட் நிறுவனம் 2008-இல் வெள்ளை மையோடு நிறமற்ற மையையும் எல்இடி விளக்கையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்தது. ஸ்கிரீன் தேவையில்லை, ஒரே ஒரு பிரதி வேண்டுமானாலும் ஸ்பாட் வார்னிஷ் கிடைக்கும். குலதெய்வத்துக்கு ஒரே ஒரு படம் கேட்டு வருபவருக்கு இது பெரிய வரம்.

எந்த இடத்தில் வார்னிஷ் என்பதைத் தனி லேயராக வரைந்து கொடுக்க வேண்டும். படத்தை இயந்திரத்துக்குப் புரியும் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் எதிர்பார்க்கும் அதே பெயரை அந்த லேயருக்கு வைக்காவிட்டால் அது வார்னிஷாக அச்சாகாது. சோம்பலுக்கு இங்கே ஒரு குறுக்குவழி உண்டு: படத்தின் வெளிச்சமான இடங்களை மென்பொருளைக் கொண்டே பொறுக்கி அங்கே வார்னிஷ் வைப்பது. எனக்கு அதில் சம்மதமில்லை. வெள்ளையின் மேல் வார்னிஷ் அநேகமாகக் காணாமலே போகும். அது இருட்டான நிறத்தைத்தான் ஆழமாக்கும். கறுப்பு, அடர்பச்சை, அரக்குச் சிவப்பு, இவைதான் அதன் இருப்பிடம். தவிர, வெளிச்சத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு வெள்ளிக் கவசத்துக்கும் வெள்ளை வேட்டிக்கும் பேதம் தெரியாது. உலோகமா, துணியா, பூவா என்று பார்த்துப் பென் டூலில் சுற்றி வரைய மனிதர் வேண்டும்.

வார்னிஷை அடுக்கடுக்காக ஏற்றித் தொட்டால் கைக்குத் தட்டுப்படும்படி மேடாக்குவதும் இப்போது நடக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பொடியையும் பசையையும் சேர்த்துச் செய்யும் மேட்டுவேலையின் நினைவில் நகைகளுக்கெல்லாம் இதைச் செய்கிறார்கள். ஒட்டியாணத்துக்குப் பொருந்துகிறது. முகத்துக்கு வேண்டாம், மூக்கும் உதடும் புடைத்தால் முகம் பொம்மையாகிறது.

வாங்குபவர்களுக்கு ஒன்று. சில வார்னிஷ்கள் அச்சான சூட்டில் லேசாக மஞ்சள் தட்டும். ஓரிரு நாளில் ஓரளவு தெளியும். அதனால் வெள்ளை நிறத்தை உடனே பார்த்து முடிவு கட்டாதீர்கள். படத்தை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் ஜன்னல்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும் சுவரே அதற்கு இடம்.