‘சிறப்பு’ என்றொரு சொல்

சொல் ஒன்றை எடுத்துத் திறனாய்வு செய்வதென்றால் புலவர்கள் சங்க ஏடுகளை விரிப்பர். நாம் இங்கே விரிப்பது சர்க்கார் ஆணைத்தாளை. சொல், ‘சிறப்பு’. மழையைப் போற்றும் குறள் அதிகாரத்துக்கு வான்சிறப்பு என்று பெயர். மணவிழா இனிது முடிந்தால் சிறப்பாக நடந்தேறியது என்கிறோம். தமிழனிடம் இருந்தவரை அந்தச் சொல் போன இடமெல்லாம் மணம் வீசிற்று. செங்கற்பட்டுக்கு வந்தபோதுதான் அதன் கழுத்தில் பூட்டு விழுந்தது. ‘சிறப்பு முகாம்’ என்று எழுதினர். உள்ளே ஈழத்தமிழ் அகதிகளை வைத்தனர். வெளியே காவலரை நிறுத்தினர்.

என்ன சிறப்பு அங்கே? மற்ற முகாமில் இருப்பவன் காலையில் கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். சிறப்பு முகாமில் இருப்பவன் வாயிலைத் தாண்ட முடியாது. மற்ற முகாமில் மனைவி மக்கள் உடன் இருப்பர். இங்கே அவர்கள் பார்வையாளர். தண்டனை பெற்ற கைதிக்கு விடுதலை நாள் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது. நீதிமன்றம் பிணை வழங்கிற்று என்று மகிழ்ந்து சிறை வாயிலைக் கடந்தவன், அங்கேயே பிடிக்கப்பட்டு முகாமில் கொண்டுவந்து விடப்பட்டதுண்டு. ‘குற்றம் செய்திருந்தால் தண்டியுங்கள், இல்லையேல் விடுங்கள்’ என்று கேட்டு உண்ணாநோன்பு இருந்தனர் செங்கற்பட்டு முகாமினர், ஒருமுறையன்று, பன்முறை. செய்தித்தாளின் உட்பக்கத்தில் நான்கு வரி கிடைத்தது அவர்களுக்கு.

இது சிறை அன்று என்பது சர்க்கார் தரப்பு வாதம். அயல்நாட்டான் ஒருவன் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என ஆணையிடும் உரிமை அரசுக்கு உண்டு. அந்த உரிமையின்படி ‘தங்க வைத்திருக்கிறோம்’ என்பர். தங்க வைத்தல்! விருந்தினரைத் தங்க வைப்பதும் இதே வினைச்சொல்தானே! தமிழுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பட்டியலிடுவோர் வடசொற் கலப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடலாகாது.

அந்த உரிமை வந்த வழியையும் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை, வெள்ளையர் ஆட்சி அயல்நாட்டினரைக் கட்டுப்படுத்தத் தற்காலச் சட்டம் ஒன்று செய்தது. போர் முடிந்தது. சட்டமும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1946-இல் அதன் இடத்தில் நிலையான சட்டம் ஒன்று வந்து அமர்ந்தது. மறு ஆண்டில் வெள்ளையர் போயினர்; சட்டம் போகவில்லை. அதன் 3-ஆம் பிரிவுதான் செங்கற்பட்டு முகாமின் பூட்டுக்குத் திறவுகோல். 2025-இல் அது நீக்கப்பட்டு, குடியேற்றம், வெளிநாட்டினர் பற்றிய புதுச் சட்டம் வந்தது. 2015 சனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் இன்ன இடத்தில் இரு என்று ஆணையிடும் அதிகாரம் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால், புலம்பெயர்ந்து வந்தவனுக்கு இங்கே உள்ள ஒரே துணை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ‘குடிமகன்’ என்று எழுதாமல் ‘ஆள்’ என்று பொருள்படும் சொல்லை எழுதினார்கள் அதனை ஆக்கியோர். அவர்களுக்குச் சொல்லின் அருமை தெரிந்திருந்தது.

அச்சம் பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்ளாமல் இதனை எழுதுவது நேர்மையாகாது. 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார்; உடன் பலர் மாண்டனர், காவலுக்கு நின்ற காவலர் உட்பட. அன்று அவ்வூர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. தன் மண்ணில் அப்படியொரு கொலை நடந்தபின் எந்த அரசும் கண்ணயராது; கண்ணயரவும் கூடாது. ஆனால் அச்சத்தின் பெயரால் செய்தவை நீதியைக் காத்தனவா? தடா நீதிமன்றம் 1998 சனவரி 28 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம், அந்த 26-இல் 19 பேரை விடுவித்தது. கொலை நிகழ்ச்சி தடா சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றமே ஆகாது என்றும் கூறிற்று. எனினும் அதே தடா சட்டத்தின் கீழ்க் காவல் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றானது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்றபின் 2013-இல், அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று தாமே கூறினார். விடப்பட்ட வாக்கியம் என்ன? மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது என்பது. ஒரு வாக்கியம் விடுபட்டது. ஒருவரின் இளமை முழுதும் போயிற்று. 2022 மே 18 அன்று விடுதலையானார் அவர். பதிப்பாசிரியர்கள் பாடம் விடுபட்டதென்று பக்கம் பக்கமாக வாதிடுகின்ற நாட்டிலே, இந்தப் பாட விடுபாட்டுக்கு எத்தனை பேர் குறிப்பு எழுதினோம்?

இனிக் கடலின் மறுகரைக்குச் செல்வோம். அங்கும் ஒரு சொல் இருக்கிறது: ‘தற்காலிகம்’. 1979-இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் உண்டு. மூன்றாண்டுக்கென வந்தது; 1982-இல் நிலைத்துவிட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. போருக்குப் பிந்திய மக்களாட்சி என்று உலகம் அந்நாட்டை அழைத்தது. போர்க்காலச் சட்டத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தது அந்த மக்களாட்சி.

அந்நாட்டு அறிவாளர் விவாதித்தனர். விவாதிக்கவில்லை என்று பழி கூற மாட்டோம். 2018 அக்டோபர் 26 அன்று அதிபர் சிறீசேன, பிரதமர் இரணிலை நீக்கி மகிந்த இராசபக்சவை அமர்த்தினார். நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார். வழக்கறிஞர்களும் எழுத்தாளரும் இளைஞரும் தெருவுக்கு வந்தனர். திசம்பர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் கலைப்புச் செல்லாது என்றனர். மூன்று நாளில் இரணில் மீண்டார். அரசியல் சட்டம் வென்றது என்று பாராட்டினர் பலர். வென்றது உண்மை. ஆனால் அரண்மனையில் பிளவு ஆறவில்லை. அதிபர் கையில் பாதுகாப்புத் துறை; பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் பிரதமருக்கு அழைப்பே இல்லை. இந்நிலையில் 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பிற்று. தாளிலே வந்தது எச்சரிக்கை, தாளிலேயே கிடந்தது. ஏப்ரல் 21, ஈசுட்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எந்தச் சட்டம் இல்லாமல் போனதால் இது நேர்ந்தது? எல்லாச் சட்டமும் இருந்தன. விசாரணையின்றிப் பிடித்து வைக்கும் அதிகாரம் 40 ஆண்டாக இருந்தது. இல்லாமற் போனது, ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் ஒழுங்கு. 2023 சனவரியில் இலங்கை உச்சநீதிமன்றம், கடமை தவறியமைக்காகச் சிறீசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்காகக் கேள்விகளைச் சற்றே ஒதுக்கி வையுங்கள் என்று இரு கரையிலும் பேசுவோர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கட்டும். ஆனால் நாடு கற்ற பாடம் வேறு. அச்சம் வாக்காயிற்று, 2019 நவம்பரில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே கொடியாகப் பிடித்து வந்த கோத்தபாய அதிபரானார்.

2022-இல் அரிசியும் எரிபொருளும் அற்றுப் போனபோது அதே மக்கள் அவரைத் துரத்தினர். காலிமுகத்திடலில் கூடாரமடித்துச் சிங்கள இளைஞர் எழுப்பிய குரல் பொய்க் குரலன்று. மே 18 அன்று அத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி வழங்கினர்; கொழும்பில் அது சிறிய செயலன்று. சூலை 14 அன்று கோத்தபாய பதவி விலகினார். ஒரு வாரம் கழிந்து, நள்ளிரவில் படை வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. ஆகத்து மாதம் மாணவர் தலைவர்கள் பிடிபட்டனர். எந்தச் சட்டத்தின் கீழ்? அதே 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்! தமிழ் இளைஞரைப் பிடிக்கும்போது நாட்டைக் காக்கும் சட்டமாய் இருந்தது, தம் பிள்ளையைப் பிடித்தபோது கொடுஞ்சட்டமாயிற்று தென்னிலங்கைக்கு. தாமதமான ஞானம், ஆயினும் ஞானம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போன மக்களின் படத்தை ஏந்தித் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் வீதியோரம் அமர்ந்திருந்தனர். காலிமுகத்திடல் வெளிச்சத்தில் மிதந்தபோதும் அவர்களின் கொட்டகை இருட்டில்தான் இருந்தது.

இதைச் சொல்லிச் சிங்களவரைக் குத்திக்காட்டி மகிழ்வது எளிது. நம் கருத்தரங்குகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது. இலங்கைச் சட்டத்தைப் பிரித்துப் பிரித்து ஆராய்வார் பேச்சாளர், கைதட்டு எழும், தீர்மானம் நிறைவேறும், தேநீருக்குப் பின் கலைவோம். சென்னையில் கூட்டம் என்றால், செங்கற்பட்டு ஒன்றரை மணிப் பயணம். மனித உரிமை அமைப்பினர் சிலரும் தமிழ் இயக்கத்தார் சிலரும் அந்த மதில்முன் நின்று முழங்கியதுண்டு, மறைக்க மாட்டோம். ஆனால் அவர்கள் சிலரே. கோட்டையில் எந்தக் கொடியுடையோர் அமர்ந்தாலும் சிறப்பு முகாம் சிறப்பு முகாமாகவே இருந்தது.

நமக்கு இது தெரியாத பாடமா? 1976-இல் மிசாவின் கீழ்ச் சென்னைச் சிறையில் அடிபட்டோர் யார்? 2002-இல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காகப் பொடாவில் வைகோ ஓராண்டுக்கு மேல் வேலூர்ச் சிறையில் கிடந்தது மறந்தா போயிற்று? விசாரணையின்றி அடைப்பது கொடுமை என்று நாம் கூறியது, அடைபட்டவர் நம்மவர் என்பதாலா, அடைத்தது அநீதி என்பதாலா? தடா 1995-இல் காலாவதியாயிற்று, பொடா 2004-இல் நீக்கப்பட்டது, முழங்கினோம், வென்றோம். முகாமுக்கு மட்டும் முழக்கம் சுருதி குறைந்தது. உள்ளே இருப்பவனுக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாதவனின் வழக்குக்கு மேடை கிடைப்பது அரிது.

2021-இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, வீடு கட்டித் தரவும் நிதி ஒதுக்கியது. ஏறத்தாழ 58,000 பேர் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்கு அது மெய்யான நன்மை. சொல்லின் வலிமையை அறிந்த அரசு என்று பாராட்டுகிறோம். அகதி என்ற சொல்லைத் திருத்தத் தெரிந்த பேனா, ‘சிறப்பு’ என்ற சொல்லருகே சென்றதும் மை வற்றிப் போனதேன் என்றும் கேட்கிறோம். 2022 மார்ச்சில், இலங்கையின் பஞ்சத்துக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு இராமேசுவரக் கரையில் இறங்கியவர்கள் மீதும் முதலில் வழக்குத்தான் பாய்ந்தது. சிறையைப் பார்த்த பின்தான் மண்டபம் முகாமைப் பார்த்தனர்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே கிழக்கே சென்றால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரைக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இலங்கையில் அரசுரிமையை இழந்து ஓடிவந்தான் மானவர்மன் என்ற சிங்கள இளவரசன். காஞ்சியில் நரசிம்ம பல்லவன் அவனுக்கு இடங்கொடுத்தான். சாளுக்கியப் போரில் அவனும் பல்லவனோடு நின்றான். பின் பல்லவன் அவனுக்குப் படை கொடுத்துக் கப்பலேற்றினான். முதல் முயற்சி தோற்றது, மீண்டும் கொடுத்தான், வென்றது. அந்தக் கப்பல்கள் மாமல்லையிலிருந்தே புறப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர் பலர் துணிபு. இதைச் சொல்வது நம் புலவர் அல்லர். மகாவமிசத்தின் தொடர்ச்சியான சூளவமிசம். தமிழனைப் பகைவன் என்று காட்ட அங்கே புரட்டப்படும் அதே ஏடுகளின் வரிசையில், தமிழகம் ஒரு சிங்கள அகதிக்குத் தந்த தஞ்சம் எழுதப்பட்டிருக்கிறது! மன்னன் புகழ் பாடுவது நம் வேலையன்று. தன் வெற்றிக்கு உதவியவனுக்குத்தான் அவன் படை தந்தான் என்பதும் அறிவோம். ஆனால் வந்தவனுக்கு ‘நீ எத்தனை நாள் இருப்பாய், எப்போது போவாய்’ என்பதில் ஒரு முடிவு இருந்தது காஞ்சியில்.

அதே மாமல்லையில் 2019 அக்டோபர் 11, 12 நாட்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தனர். கடைகள் மூடின, மீனவர் கடலுக்குப் போகவில்லை. சென்னையில் கொடிபிடிக்க வந்த திபெத்தியர் கைதாயினர். இரண்டு நாள் பாதுகாப்பு இரண்டு நாளில் முடிந்தது, திபெத்திய அகதி தவிர மற்றெல்லாரும் மறந்தனர்.

முடியாத பாதுகாப்புக்கு இன்னொரு பெயர் சாந்தன். உச்சநீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்த அறுவரில் ஒருவர். வேலூர்ச் சிறையை விட்டு வெளிவந்தவரைத் திருச்சிச் சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் ‘தங்க வைத்தனர்’. ஊருக்குப் போக வேண்டும், தாயைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்துக்கு உடல் சென்றது. எஞ்சிய மூவர் ஐந்து வாரத்தில் நாடு திரும்ப முடிந்தது. சாவுக்குப் பின் விரைவு வந்தது கோப்புகளுக்கு.

அடுத்த கருத்தரங்கின் தீர்மானத்தில் கொழும்புக்கு அனுப்பும் பத்திகளுக்கு முன்னே கோட்டைக்கு ஒரு பத்தி எழுதுவோம். சிறப்பு முகாமில் எவர் எவர், எந்த ஆணையால், எந்த நாள் முதல் வைக்கப்பட்டனர் என்ற பட்டியல் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆணையையும் நீதிபதி ஒருவர் பார்வையிட வேண்டும். வழக்கு முடிந்தவரை, பிணை பெற்றவரை அங்கே கொண்டுபோகும் வழக்கம் நிற்க வேண்டும். டில்லியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அமைச்சர்கள் கூறக்கூடும். பட்டியல் வைக்க டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. பெயர் வேண்டா என்றால் எண்ணிக்கையும் தேதியுமாவது தரட்டும். ஒரு தாள் போதும் அதற்கு.