இலை அளவும் அறிவிப்புக் காலமும்

திருநெல்வேலிச் சீமையில் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நிற்பவர் ஒப்பந்தக்காரர். அவருடைய பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, சுற்றிய பீடியைக் கட்டுகளாகத் திருப்பிக் கொடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவது வழக்கம். இந்த ஏற்பாட்டுக்கு முடிவு நாள் எதுவும் குறிக்கப்படுவதில்லை.

காலவரையறை இல்லாததில் ஒரு நன்மை உண்டு. சமையல் முடிந்த பின் சுளவை (முறத்தை) மடியில் வைத்து உட்காரவும், பேறுகாலத்தில் விலகிப் பின்னர் திரும்பவும் அது இடம் தருகிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் (1966) வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளராகவே கொண்டு, ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்றும், நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான கூலியோ தர வேண்டும் என்றும் விதித்தது. வருங்கால வைப்பு நிதி 1977இல் இத்தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது. வீட்டில் சுற்றுபவருக்கும் அது உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதிசெய்தது.

ஆயினும் முன்னறிவிப்பு என்பது நீக்கத்தோடு பிணைந்த உரிமை; பீடிக் கடையோ எவரையும் நீக்காமலே வேலையைக் குறைத்துவிட முடியும். ஆயிரம் பீடிக்கு இலை பெற்றவருக்கு ஐந்நூறுக்குத் தந்தால் கூலி பாதியாகிறது. ஆனால் கடையின் வேலைப் பதிவு அட்டையில் அவர் பெயர் நீடிப்பதால் அறிவிப்புக் கடமை எழுவதே இல்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் ஆட்குறைப்புக்கான ஒரு மாத அறிவிப்பை ஓராண்டுத் தொடர்பணியோடு, அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 வேலைநாளோடு, இணைக்கிறது. வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் இலை கிடைப்பவருக்கு ஆண்டுக்கு 208 நாளே சேரும்.

பீடி இலை நடு இந்தியக் காடுகளில் கோடையில் மட்டும் பறிக்கப்படுவது, விற்பனையும் ஏறி இறங்குவது. ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே அளவு இலைக்கு உறுதி தர இயலாது என்னும் ஒப்பந்தக்காரர் தரப்பு வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் உறுதி வேறு, அறிவிப்பு வேறு. குறைக்கவே கூடாது என்று கேட்பது முன்னது, குறைப்பதை முன்கூட்டியே சொல்லக் கேட்பது பின்னது. அளவுக்குக் கூலி பெறும் தொழிலில் பணிப் பாதுகாப்பின் அலகு மாதம் அன்று, இலையே. ஆதலால் வழக்கமான இலை அளவை அட்டையில் பதிந்து, அது குறையும்போதும் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கினாலன்றி, அறிவிப்புக் காலம் கடை மூடும் நாளில் மட்டுமே பயன்படும்.